எந்த ஊர்?

நம்மவர் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்டுவிடுகிறார்கள். பஸ்ஸிலே பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரும், வைத்தியசாலை வாங்கில் முறைக்காகக் காத்திருப்பவரும், "தம்பி எந்த ஊர்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியிலே பெரும்பாலும் அன்பு இருக்கிறது. ஊர் தெரிந்தால் அங்கே தமக்குத் தெரிந்த ஒருவர் பெயரை அவர் சொல்வார். நாமும் ஒரு பெயரைச் சொல்வோம். ஐந்து நிமிடத்தில் அந்நியம் தொலைந்துவிடும்.

ஆனால் அதே கேள்விக்கு வேறு குரல்களும் உண்டு. "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊரிலே எவடம்?" என்று இறங்கி, "எந்தக் கோயிலடி?" என்று நெருங்குகிற கேள்வியை நம்மில் அறியாதவர் யார்? குறிச்சியின் பெயர் வெளிவந்ததும் கேட்டவரின் முகம் மாறுவதையும், நீட்டவிருந்த தேநீர்க் கோப்பை தயங்குவதையும் அனுபவித்தவர்கள் இந்நாட்டிலே எத்தனையோ பேர். சாதியை நேராகக் கேட்க வெட்கப்படுகிற சமுதாயம், முகவரியைக் கேட்டு அதைத் தெரிந்துகொள்கிறது. மூன்றாவது குரல் சோதனைச் சாவடியின் குரல். என் தலைமுறையினர் அதைக் கேட்டே வளர்ந்தோம். அடையாள அட்டையை நீட்டினால் சிப்பாயின் கண் பெயரைப் பார்க்கும். பிறகு பிறந்த இடத்தைப் பார்க்கும். பிறகு நம் முகத்தைப் பார்க்கும். பதில் சொல்வதற்குள் நா வறண்டுபோகும்.

இம்மூவரும் நம்மைக் கேட்டார்கள். கேட்டதனால், உண்மையைச் சொல்வதா, பாதி சொல்வதா, பேசாதிருப்பதா என்று தீர்மானிக்க நமக்கு ஒரு கணமாவது கிடைத்தது. இன்று நான்காவதாக ஒருவர் வந்திருக்கிறார். அவர் நம்மைக் கேட்பதேயில்லை; நம் சட்டைப்பையில் இருக்கும் கருவியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். என்னை இதிலே இறக்கிவிட்டவள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. அகத்திணை பாடம் நடந்துகொண்டிருந்தது. அகப்பாட்டிலே தலைவன் தலைவியின் பெயர் சொல்லப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. நிலமும் பொழுதும் வரும், பெயர் வராது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, "சேர், நான் ஒரு இடத்திலும் என் ஊரை எழுதவில்லை. ஆனாலும் இணையத்திலே திருகோணமலைக் கடை விளம்பரம்தான் எனக்கு வருகிறது. அதற்கு எப்படித் தெரியும்?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பரோடு பல மாலைகள் இருந்து கேட்டும், படித்தும், மாணவரோடு சேர்ந்து செய்துபார்த்தும் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

இணையத்திலே சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் தரப்படுகிறது. ஐ.பி. முகவரி என்பது அதன் பெயர். நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அங்கிருந்து பக்கம் நம்மிடம் வந்துசேர வேண்டுமல்லவா? வந்துசேர முகவரி வேண்டும். ஆகவே இந்த இலக்கத்தை நாம் காட்டியே தீரவேண்டும். இவ்விலக்கங்களைத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் தொகுதி தொகுதியாகப் பெற்று வாடிக்கையாளருக்குப் பங்கிடுகின்றன. எந்தத் தொகுதி எந்த நாட்டுக்கு, எந்தக் கம்பனிக்கு, எந்த நகருக்கு உரியது என்று பட்டியல் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தளம் அந்தப் பட்டியலைப் பார்த்து நம் ஊரை ஊகித்துக்கொள்கிறது.

இதைச் சோதிக்க எங்கள் பாடசாலைக் கணினி அறையிலே, இருப்பிடத்தைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தோம். அது "கொழும்பு" என்று காட்டியது! ஏறக்குறைய 260 கிலோமீற்றருக்கு அப்பால் எங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. இந்நாட்டிலே எல்லாம் தலைநகரின் பெயரால்தான் பதிவாகிறது என்று ஒரு மாணவன் சொன்ன பகடியிலே உண்மை இருந்தது. கம்பனி தன் இலக்கங்களைக் கொழும்பிலே பதிந்திருக்கும்; இணைய ஓட்டம் கொழும்பு வழியே போகும்; ஆகவே கிழக்கின் பிள்ளைகள் பட்டியலிலே கொழும்புப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

பட்டியல் தவறினால் நமக்கு நல்லதுதானே என்று எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே ஒரு பண்ணைவீடு உண்டு. இத்தகைய பட்டியல் விற்கும் நிறுவனம் ஒன்று, அமெரிக்கா என்பதற்கு மேல் இடம் தெரியாத இலக்கங்களுக்கெல்லாம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் குறித்துவைத்தது. அந்தப் புள்ளி அப்பண்ணையின் முற்றத்திலே விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் அந்த ஒரு வீட்டைச் சுட்டின. நாட்டிலே எங்கோ நடந்த இணையத் திருட்டுக்கும் மோசடிக்கும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொலிஸார் வந்தார்கள், ஏமாந்தவர்கள் ஆத்திரத்தோடு வந்தார்கள். ஏறக்குறைய பத்தாண்டுகள் அக்குடும்பத்துக்குக் காரணம் விளங்கவில்லை. 2016 இல் ஒரு பத்திரிகையாளர் துருவிக் கண்டுபிடித்த பிறகுதான், நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு நகர்த்தியது. பட்டியல் சரியாக இருந்தாலும் ஆபத்து. பிழையாக இருந்தாலும் ஆபத்து. சுமப்பவன் ஒருவனே.

கைத்தொலைபேசியின் கதை வேறு. அங்கே தவறு மிகக் குறைவு. அதே சோதனையை மாலையில் உள்துறைமுக வீதியிலே நின்று என் தொலைபேசியில் செய்தபோது, நான் நின்ற மதிலோரத்தையே அது காட்டியது. இதை எப்படிச் செய்கிறது என்று மாணவருக்கு விளக்கத் திருக்கடலூர் மீனவர்களே எனக்கு உதவினார்கள். கரையிலிருந்து பார்த்தால் கடல் முழுதும் ஒரே நீர். ஆனால் மீன் கூடும் கடலடிப் பார் எங்கே என்று மீனவருக்குத் தெரியும். கரையிலே ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு மேட்டையும் ஒரே கோட்டிலே பார்ப்பார். வேறு பக்கம் திரும்பி ஒரு மரத்தையும் ஒரு பாறையையும் ஒரே கோட்டிலே பார்ப்பார். இரண்டு கோடும் வெட்டும் இடமே அவருடைய இடம். தொலைபேசியும் இவ்வாறே பல அடையாளங்களை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. வானிலே சுற்றும் செய்மதிகள் நான்காவது தெரிந்தால் போதும். அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிந்துகொள்ளும். செய்மதிக்கு நம்மைத் தெரியாது. அது கலங்கரை விளக்கம் போல ஒளிவீசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. கணக்குப் பார்ப்பதும் நம் கருவி. பார்த்த விடையைப் பிறருக்குச் சொல்வதும் நம் கருவி.

செய்மதி தெரியாத கட்டடத்துக்குள்ளும் அது திகைப்பதில்லை. அயலிலுள்ள வைஃபைக் கருவிகள் இடைவிடாமல் தம் பெயரையும் இலக்கத்தையும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. எந்த இலக்கம் எந்தத் தெருவிலே இருக்கிறது என்பதைப் பெரும் கம்பனிகள் உலகெங்கும் திரட்டிவைத்திருக்கின்றன. நம் அயல்வீட்டாரின் வைஃபை நம் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றோடு தொலைத்தொடர்புக் கோபுரமும் சேர்ந்துகொள்கிறது. கருவியிலே தமிழ் மொழி, இலங்கை நேரம், உள்ளூர்ப் பெயர்களைத் தேடும் பழக்கம் ஆகிய சிறு சிறு சான்றுகளும் சேர்ந்துகொள்கின்றன.

படங்களும் பேசுகின்றன. தொலைபேசியால் எடுத்த படத்துக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாதபடி, எடுத்த நேரமும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் எழுதப்பட்டிருக்கக்கூடும். மென்பொருட் செல்வர் ஜோன் மக்கஃபி 2012 டிசெம்பரிலே பெலீஸ் நாட்டிலிருந்து தலைமறைவாக ஓடினார். அவரோடு சென்ற செய்தியாளர்கள் ஒரு படத்தை வெளியிட்டார்கள். படத்துக்குள்ளிருந்த இலக்கங்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகுக்குச் சொல்லிவிட்டன. சில நாளில் கைதானார். கணினிப் பாதுகாப்பு விற்றுச் செல்வம் சேர்த்தவருக்கே அந்தக் கதி.

பேசுகிற கருவி தான் இருக்கும் இடத்தையும் சேர்த்தே பேசிவிடுகிறது என்பது எங்கள் துறைமுகத்துக்குப் புதிய பாடமன்று. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றைச் சுமந்துவந்த கப்பற்படை, வானொலிக் கருவியை வாய்திறக்கவிடாமல் கட்டிவைத்துக்கொண்டே இந்துசமுத்திரத்தைக் கடந்தது. ஒரு சொல் அனுப்பினாலும் திசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அட்மிரல்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் இங்கு வரும் சரக்குக் கப்பல்களைப் பாருங்கள். சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், தம் பெயரையும் இடத்தையும் திசையையும் தானாக அறிவிக்கும் கருவியைக் கொண்டிருக்கவேண்டும் என்பது உலகச் சட்டம். ஒன்றோடொன்று மோதாதிருக்க அது வேண்டும், நியாயமே. ஆனால் போர்க்கப்பலுக்கு அந்தச் சட்டம் இல்லை. பீரங்கி தாங்கிய கப்பல் தன் இடத்தை மறைக்கலாம். கூலிவேலைக்குப் போய்வரும் பெண்ணின் இடம் மாத்திரம் நிமிடத்துக்கு நிமிடம் பதியப்படவேண்டுமோ?

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையிலேயே இக்கேள்வியை நான் கேட்டேன். நல்ல மனிதர்கள்தாம் கேட்டார்கள். அவர்களுக்கு நம் நாட்டுச் சரித்திரத்தையே பதிலாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிவந்த கூட்டங்களின் கையிலே வாக்காளர் இடாப்பு இருந்தது. ஒரு தெருவிலே எந்த இலக்க வீட்டுக்குத் தீ வைக்கவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதை அந்த இடாப்பைப் பார்த்தே தீர்மானித்தார்கள். அந்த இடாப்பு கொலைக்காகத் தயாரிக்கப்பட்டதா? இல்லை. மக்களாட்சியின் மிகத் தூய காரியமாகிய வாக்களிப்புக்காகத் தயாரிக்கப்பட்டது. அதிலே தம் பெயரையும் முகவரியையும் பதிந்தவர்களுக்கு மறைக்க என்ன இருந்தது? அவர்கள் நல்ல பிரஜைகளாக இருந்தார்கள், அவ்வளவே.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை. கொழும்பிலே விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களிலே ஏற்றி, வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லாரும் அதிலே இருந்தார்கள். தங்குமிடப் பதிவும் அடையாள அட்டையின் முகவரியுமே அவர்களைப் பிரித்தெடுக்கப் போதுமாயிருந்தன. மறுநாளே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. சில நாளில் பிரதமர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஓர் இரவுக்குள் எவ்வளவு செய்யலாம் என்பதை நாடு கண்டுவிட்டது. நான் அப்போது பாடசாலை மாணவன். எங்கள் வீட்டிலே பெரியவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வானொலியை நிறுத்தியதும், நெடுநேரம் ஒருவரும் பேசாதிருந்ததும் நினைவிருக்கிறது.

இது நம் தீவின் சாபம் மாத்திரமன்று. ஒல்லாந்து நாட்டிலே மக்கட்பதிவு மிக ஒழுங்காக இருந்தது. மதமும் அதிலே எழுதப்பட்டிருந்தது. நாஜிகள் வந்தபோது யூதர் எந்த வீட்டிலே இருக்கிறார் என்று தேடவேண்டிய சிரமமே அவர்களுக்கு இருக்கவில்லை. 1943 மார்ச் 27 இல் எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்ரடாம் நகரின் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்காகப் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். காகிதப் பட்டியலை எரிப்பதற்கே பன்னிரண்டு உயிர் விலையாயிற்று. இன்றைய பட்டியலோ ஓரிடத்திலே இல்லை. எரிப்பதற்கு ஒரு கட்டடமும் இல்லை.

அதன் அளவையும் பார்ப்போம். 2019 டிசெம்பரிலே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, தன் கைக்கு வந்த ஒரே ஒரு கோப்பை ஆராய்ந்து எழுதியது. 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரின் தொலைபேசிகள் எங்கெங்கே இருந்தன என்ற 5,000 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் அதிலே இருந்தன. அதைத் திரட்டியது அரசாங்கமன்று. இடத்தகவலை வாங்கி விற்கும் ஒரு தனியார் கம்பனி. நாம் இலவசம் என்று இறக்கிக்கொள்ளும் செயலிகள் நம் இடத்தை இத்தரகர்களுக்கு அனுப்புகின்றன. இடத்தைப் பதிவதில் பயனாளரை ஏமாற்றியதாக எழுந்த வழக்கிலே, 2022 நவம்பரிலே கூகிள் நிறுவனம் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. நிலத்தின் விளைச்சலை எடுத்த நிலப்பிரபுவை நாம் அறிவோம். உழைப்பின் விளைச்சலை எடுத்த முதலாளியை அறிவோம். நாம் நடந்து திரிவதையே விளைச்சலாக்கி அறுவடை செய்யும் வியாபாரம் இப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது.

"பெயரில்லாமல்தானே சேர்க்கிறோம்" என்று அவர்கள் சொல்கிறார்கள். இங்கேதான் என் அகத்திணை வகுப்பு எனக்குத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நிலத்தைச் சொன்னாலும் பெயரைச் சொல்லாவிட்டால் மனிதர் மறைந்தே இருப்பார் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அக்காலத்துக்கு அது சரி. 15 இலட்சம் பேரின் தொலைபேசி நடமாட்டத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு குறிப்பு தெரிந்தால் போதும், நூற்றுக்கு 95 பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று 2013 இல் காட்டினார்கள். இரவிலே உறங்கும் வீடு, பகலிலே வேலைசெய்யும் இடம், வெள்ளிக்கிழமை போகும் கோயில் அல்லது பள்ளிவாசல், மாதம் ஒருமுறை போகும் வைத்தியர். இவற்றைச் சொல்லியபின் பெயர் எதற்கு?

இவ்வளவும் பெரிய இடத்துச் செய்திகள். நம் தெருவிலே இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி நகரத்துத் துணிக்கடையிலே வேலைசெய்தாள். அவளை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட ஒருவன், அவள் போகுமிடமெல்லாம் முன்பே வந்து நிற்கத் தொடங்கினான். கடையிலும் நின்றான், மூதூர்ப் படகுத் துறையிலும் நின்றான், தோழி வீட்டுத் தெருமுனையிலும் நின்றான். அவள் தன் தோழியரையே சந்தேகித்தாள். வீட்டார் அவள் நடத்தையைச் சந்தேகித்தார்கள். வேலையை நிறுத்து, தொலைபேசியைக் கொடு என்றார்கள். உண்மையிலே நடந்தது வேறு. பழகிய நாட்களில், புதிதாக வாங்கிய தொலைபேசியை ஒழுங்குசெய்து தருகிறேன் என்று வாங்கியவன், அவள் இடம் தனக்கு எப்போதும் தெரியும்படி ஒரு விசையை உள்ளே திருப்பிவைத்துவிட்டான். என் நண்பர் அதைக் கண்டு நிறுத்துவதற்குப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிட அறிவு இல்லாமையால் ஒரு பெண் நான்கு மாதச் சம்பளத்தையும், தன் வீட்டாரின் நம்பிக்கையையும் இழந்திருந்தாள். குற்றவாளியின் கையிலே கருவி இருக்க, தண்டனை அவள் கையிலிருந்த கருவியைப் பறிப்பதாக முடிந்தது. இத்தகைய நீதி நம் வீடுகளிலே நாள்தோறும் நடக்கிறது.

ஆகவே அறியவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியின் அமைப்புகளிலே இருப்பிடம் என்ற பகுதியைத் திறந்து, எந்தச் செயலிகளுக்கு அந்த அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வழிகாட்டும் வரைபடத்துக்கு இடம் வேண்டும். கைவிளக்குச் செயலிக்கும் விளையாட்டுக்கும் எதற்கு? வேண்டியவற்றுக்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதி போதும். இப்போதைய தொலைபேசிகளிலே துல்லியமான இடத்தைக் கொடாமல் ஏறக்குறைய இடத்தை மாத்திரம் கொடுக்கவும் வழி உண்டு. காலநிலை பார்க்க அது தாராளம். ஓர் இணையத்தளம் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டால், தேவையில்லாதவிடத்து மறுத்துவிடுங்கள். படப்பிடிப்புக் கருவியின் அமைப்பிலே இடக்குறிப்பை நிறுத்திவையுங்கள். கூகிள் கணக்கிலே நடமாட்டப் பதிவு இருந்தால் அழித்து நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பிலும் வரைபடத்திலும் யாருடனாவது இடம் பகிரப்படுகிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள். வீட்டு வைஃபையின் பெயரின் முடிவிலே, கீழ்க்கோட்டுடன் "நோமப்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால், கூகிள் அதைத் தன் இடப்பட்டியலிலே சேர்க்காது.

ஐ.பி. முகவரியை மறைக்க வி.பி.என். என்ற வழி இருக்கிறது. கடிதத்தை இன்னோர் உறைக்குள்ளே இட்டு வேறூரிலுள்ள நண்பருக்கு அனுப்பி, அவர் தம் ஊர் முத்திரையோடு அதைத் தபாலிலே சேர்ப்பது போன்றது இது. கடிதம் பெறுபவருக்கு நண்பரின் ஊர்தான் தெரியும். நம் நாட்டிலே இச்சொல்லைப் பலரும் கற்றுக்கொண்டது அரசாங்கத்தின் தயவால். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 இல் மக்கள் போராட்டம் பெருகியபோதும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. தடையை மீற இளைஞர்கள் வி.பி.என். வழியாக வேற்று நாட்டு முகவரியோடு உள்ளே போனார்கள்.

ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். நடுவிலே நிற்கும் நண்பருக்கு நம் முகவரி தெரியும். அந்த நண்பர் யார்? இலவசமாகத் தருகிறவர் தம் செலவுக்கு எங்கிருந்து எடுக்கிறார்? மேலும், முகவரியை மறைத்துக்கொண்டு, செயலிக்கு இருப்பிட அனுமதியையும் கொடுத்துவைத்தால், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்த கதைதான். பேஸ்புக்கிலே தம் பெயரோடு நுழைந்தவரை வி.பி.என். மறைக்காது. பல கைமாற்றி அனுப்பும் ரோர் உலாவி இதைவிட உறுதியானது, ஆனால் மெதுவானது.

இத்தனையும் செய்தாலும் தொலைத்தொடர்புக் கம்பனிக்கு நம் இடம் தெரியவே செய்யும். அழைப்பு வந்து சேரவேண்டுமானால் எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்கிறோம் என்று அது அறியத்தான் வேண்டும். சிம் அட்டையோ அடையாள அட்டை இலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தனி மனிதன் விசைகளைத் திருப்பித் திருப்பி முழுப் பாதுகாப்பை அடைந்துவிட முடியாது. சட்டம் வேண்டும். நம் பாராளுமன்றம் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அவை ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் புத்தகத்திலே இருந்தால் போதாது. எதற்காகத் திரட்டினாயோ அதற்கு மாத்திரம் பயன்படுத்து, முடிந்ததும் அழித்துவிடு என்று அரசாங்கத்தையும் கம்பனியையும் ஒருங்கே கட்டிப்போடும் வலிமை அதற்கு வேண்டும். வாக்காளர் இடாப்பின் பாடத்தைக் கண்ணால் கண்ட நாட்டிலே இக்கோரிக்கையை மக்கள் முன்வைக்காவிட்டால் வேறெங்கே முன்வைப்பது?

இதைத் தமிழர் பிரச்சினை என்று ஒதுக்குவதும் பிழை. உணவுப் பொதியைக் காவிக்கொண்டு கொழும்பு வீதிகளிலே ஓடும் சிங்கள இளைஞனின் ஒவ்வொரு திருப்பத்தையும் கம்பனி பார்க்கிறது. அவனுக்கு எந்தக் கணக்கிலே கூலி தரப்படுகிறது என்பதை அவன் பார்க்கமுடியாது. 2018 இலே கண்டியில் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும். எரித்தவர்களுக்கு எது யாருடைய கடை என்று தெரிந்திருந்தது. கிண்ணியாவிலிருந்தும் சீனக்குடாவிலிருந்தும் திருக்கடலூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஒரே நகரத்திலே படிக்கிறார்கள். இந்த மூன்று இனத்துப் பிள்ளைகளுக்கும் இது ஒரே பாடம்.

எங்கள் பாடசாலையிலே இப்போது தவணைக்கு ஒருமுறை, மாலை ஒரு மணித்தியாலம், இந்த விசைகளை மாணவருக்கும் தாய்மாருக்கும் காட்டிக்கொடுக்கிறோம். என் நண்பர் செய்முறையைச் சொல்கிறார். நான் சரித்திரத்தைச் சொல்கிறேன். சென்ற முறை மீனவத் தாய் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட ஆள் மீன் படுற இடத்தைத் தம்பிக்கும் சொல்லமாட்டார். பிள்ளை இருக்கிற இடத்தை நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறோமே!" என்றார். நான் பல நாள் படித்து எழுதியதை அவர் ஒரு மூச்சிலே சொல்லிவிட்டார். ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு வாசிகசாலையும், ஒவ்வொரு மாதர் சங்கமும் இந்த ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.